மூத்தவள் மாடியில் வைத்த பெட்டி

ஓரகத்திகள் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் இருந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவளுக்குத்தான் தொண்டை வற்றிப்போகும். அந்த நடுவில் மாட்டியவள் நான். எதிர் வீட்டு மாடியில் குடியிருந்து துணி தைக்கிறேன். வெளிச்சத்துக்காகத் தையல் மிஷினை ஜன்னலோரமாகப் போட்டிருக்கிறேன். வேடிக்கை பார்க்கத்தான் அங்கே போட்டிருக்கிறேன் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஜன்னலுக்கு எதிரே ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். உயரமானது அண்ணனுடையது. கீழே சலவைக்கடை, அதற்கு மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி முழுக்கத் துணிக்கொடி. விடுதியிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, காயவைத்து, மடித்து அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பக்கத்தில் உள்ள தாழ்ந்த வீடு தம்பியுடையது. பின்னால் லாரி வந்து திரும்புகிற பெரிய முற்றம். முற்றத்தின் அந்தக் கோடியில் ஒரு பலகைக் கொட்டகை. அதில்தான் தம்பி பெண்டாட்டி காளான் வளர்க்கிறாள்.

அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சலவைக்கடையில்தான் உழைத்தாள். மாடியில் துணி காயப்போடுவதும் எடுப்பதும் மடிப்பதும் அவள் வேலை. மடித்து அடுக்கியதை அண்ணன் பெண்டாட்டி, அதாவது மூத்தவள், வந்து பிரித்துப் பார்ப்பாள். மூலை சேரவில்லை என்பாள், ஓரம் பிசிறுகிறது என்பாள். நல்ல மனுஷிதான், ஆனால் அடுத்தவர் கையால் செய்த எதையும் அப்படியே விட அவளால் முடியாது. ஒருநாள் லாரிக்காரர் முன்னால் ஒரு அடுக்கு முழுவதையும் பிரித்துப் போட்டு, "இது மடிப்பா, சுருட்டி வெச்சதா?" என்று கேட்டுவிட்டாள்.  இளையவள் இடுப்பில் செருகியிருந்த கிளிப்புகளை எல்லாம் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு நடந்து வந்துவிட்டாள். "இனிமே என் தலைமேல எவளும் நிக்கக் கூடாது, தையலக்கா" என்று என்னிடம் வந்து அழுதாள். அதற்கப்புறம் ஆரம்பித்ததுதான் காளான்.

அவள் புருஷன் அண்ணன் கடையில் வண்டி ஓட்டுகிறவர். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். தெருவில் அவர் பெயரே பாக்கலாம்தான். அந்த மனுஷர் கூட ஒரு விஷயத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கொட்டகை நிக்கலேன்னா பேசாம கடைக்கே வந்துடு. அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா!" என்று இளையவள் சிரித்த சிரிப்பில் எனக்கே பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் பெரிய சமையற்கூடம் ஒன்று அவள் காளானைக் கேட்டது. பல தொழிற்சாலைகளுக்குச் சமைத்து அனுப்புகிற இடம். விளைவதை எல்லாம் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆனால் அங்கே கொள்முதல் பார்க்கிற மேடம் ஒரு நிபந்தனை போட்டாள். கொட்டகையின் சூடும் ஈரமும் நிமிஷத்துக்கு நிமிஷம் அவளுடைய திரையில் தெரிய வேண்டும். அதுவும் நடுவில் அறுபடாமல். அதற்கு சென்சார் மாட்ட வேண்டும், வைஃபை வேண்டும்.

வைஃபை பெட்டி மாட்டுகிறவர் வந்து சுற்றிப் பார்த்தார். இளையவள் வீட்டுக்குப் பின்னால் அண்ணனின் கொதிகலன் அறை மறித்துக்கொண்டு நிற்கிறது. முற்றத்தின் குறுக்கே வயர் இழுத்தால் லாரி வந்து பிடுங்கிக்கொண்டு போகும். அவர் அண்ணாந்து பார்த்து, "அந்த மாடியில பெட்டி வெச்சா கொட்டகை நேரா தெரியும். வேற வழியே இல்லம்மா" என்றார்.

நான் காய்கறிப் பையோடு தெருவில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு வேறு நேரமே கிடைக்கவில்லை. இளையவள் தன் வாசலில் நின்றாள். மூத்தவள் கடை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

"தையலக்கா, சில பேர் மாடியில ஒரு சின்னப் பெட்டி வைக்க இடம் தருவாங்களான்னு கேளுங்க" என்றாள் இளையவள்.

"தையலக்கா, கேக்கறவங்களுக்கு வாய் இல்லியான்னு கேளுங்க" என்றாள் மூத்தவள்.

"வாய் இருக்கு. தொறந்தா வம்புன்னுதான் மூடி வெச்சிருக்குன்னு சொல்லுங்க."

"கரண்டு யார் வீட்டுதுன்னு கேளுங்க."

"ராத்திரி எரியற குட்டி பல்பு அளவுகூட எடுக்காதாம், சொல்லுங்க."

"ஏம்மா, நான் என்ன தபால்பெட்டியா?" என்றேன். இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை.

மூத்தவள் கணக்கு எழுதுவதுபோல் பேனாவை உருட்டினாள். "வெச்சுக்கட்டும், தையலக்கா. நாளைக்கு முடியலேன்னு இங்க திரும்பி வரும்போது, அவங்க மாடிதான் குடுக்கலேன்னு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க."

இளையவள் முகம் சிவந்துபோயிற்று. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிக்காரரை மேலே அனுப்பினாள்.

அவர் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டிமேல் உயரமாக வைக்கத்தான் நினைத்தார். அண்ணன் ஓடிவந்து தடுத்துவிட்டார். "தண்ணில அலை கலந்துடும். நான் அதைத்தான் குடிக்கிறேன்." அப்படி எல்லாம் கலக்காது என்று பெட்டிக்காரர் விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம்தான் கூடியது. வயிற்று விஷயத்தில் மட்டும் அவர் பெண்டாட்டி பேச்சையும் கேட்க மாட்டார். கடைசியில் படிக்கட்டு அறையின் சுவரில் ஆள் உயரத்துக்குத் துளை போட்டு, பெட்டியைத் திருகி, இளையவள் வீட்டிலிருந்து இன்டர்நெட் வயரை மேலே ஏற்றி, கரண்டை மட்டும் மாடி ப்ளக்கிலிருந்து எடுத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. கொட்டகையில் வைக்கோல் பைகளுக்கு நடுவில் சோப்பு டப்பா அளவில் நாலு சென்சார் தொங்கின. வைஃபைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவர் கேட்டார். தெருக்காரர்கள் யாரும் அதை எடுத்துப் படம் பார்க்கக் கூடாது என்று இளையவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொடாதே" என்றாள்.

அன்று சாயந்திரம் மூத்தவள் என் வீட்டுப் படி ஏறி வந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "பாத்தீங்களா தையலக்கா? என் மாடி, என் கரண்டு. என் போனைத் தொறந்தா முதல்ல நிக்குது, தொடாதேன்னு. யாரைச் சொல்றா?"

"பொதுவா வெச்சிருப்பா" என்றேன்.

"பொதுவாவா? அந்தப் பெட்டியைத் தொடற தூரத்துல இருக்கறது நான் ஒருத்திதானே?"

நான் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தேன்.

இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காகப் போனதுபோல்தான் இருந்தது. பிறகு இளையவள் கவனித்தாள். காலையில் வெயில் ஏறும் நேரம் சென்சார் ஒவ்வொன்றாகத் தொடர்பு விட்டுப்போகும். போனில் "இணைப்பு இல்லை" என்று வரும். மத்தியானத்துக்கு மேல் தானாகத் திரும்பி வரும். அந்த நேரம் முழுக்க மேடத்தின் திரையில் வெறும் ஓட்டை.

பெட்டிக்காரரைக் கூப்பிட்டாள். காலையில் அவருக்கு வேறு வேலை, மத்தியானம்தான் வருவார். வந்து பார்த்தால் எல்லாம் ஜோராக இருக்கும். "நல்லாத்தானே இருக்கு?" என்பார், டீ குடிப்பார், போவார். மறுநாள் காலையில் மறுபடி போகும். டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் இறங்குகிற குழந்தை மாதிரி.

"அவங்கதான்" என்றாள் இளையவள் என் அறையில் உட்கார்ந்துகொண்டு. "காலையில மாடிக்கு வர்றது அவங்க ஒருத்தங்கதான். ப்ளக்கைப் பிடுங்கிட்டு, இறங்கும்போது சொருகிடறாங்க. நான் திரும்ப அங்க போய் நிக்கணும், அதுதான் வேணும் அவங்களுக்கு."

"சே, அப்படிச் செய்வாளா?"

"நீங்க பாருங்க. கண்ணை எடுக்காம பாருங்க. உங்களுக்குத்தான் ஜன்னல் இருக்கே."

ஆக நான் உளவுக்காரி ஆனேன். ஒரு காலை முழுக்கப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு தைத்ததில் ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை. மூத்தவள் அந்தப் பக்கம் ஒரே ஒரு முறைதான் போனாள். முந்தானையால் பெட்டிமேல் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு வந்தாள்.

"துடைச்சாங்களா?" இளையவள் துள்ளினாள். "துடைக்கற சாக்குல என்னமோ பண்ணியிருக்காங்க."

"விளக்கு அணையலேடி."

"அணையாம எப்படிப் போகும்? காலையில அவங்க வீட்டு டீ வந்துச்சா உங்களுக்கு?"

வந்ததுதான். மூத்தவள் டீ போட்டால் எனக்கும் ஒரு டம்ளர் வரும், எப்போதும் வருவதுதான். அதை எப்படிச் சொல்வேன்? நான் வாயை மூடிக்கொண்டதை இளையவள் தனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டாள்.

அடுத்து இன்னொரு கூத்து. ஒருநாள் சலவைக்கடையின் பெரிய மிஷின் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பாதிப் பகல் கழற்றி மாட்டினார். அன்று காலை சென்சார் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. இளையவள் வெற்றி முகத்தோடு ஓடிவந்தாள். "புரியுதா? மெக்கானிக் பின்னாடியே சுத்திட்டிருந்தாங்க. மாடிக்கு வர நேரமில்ல. அதான் போகல." நானும் மடச்சி, "அட ஆமாம்!" என்று தலையாட்டினேன். அன்று மாடியில் வேறு எது இல்லை என்று எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

மறுநாள் மிஷின் ஓடியது. தேங்கிக் கிடந்த துணி எல்லாம் ஒரேயடியாக மாடிக்கு வந்தது. சென்சார் நாலும் விடிந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. மேடம் போன் பண்ணினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்கும் கேட்டது.

"அம்மா, உங்க காளான் நல்லா இருக்கு. ஆனா ரெக்கார்டு தினமும் அறுந்து போகுது. நாளையிலேருந்து ஒரு வாரம் தர்றேன். அறுபடாம இருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது. இல்லேன்னா வேற ஒருத்தர் பேசிட்டிருக்காங்க, அவங்ககிட்ட எடுத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க."

இளையவள் போனை வைத்தாள். எழுந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "சாட்சிக்கு வாங்க."

கடை வழியாகத்தான் மாடிப்படி. அந்தக் கடையில் அவள் கால் வைத்தே எவ்வளவோ நாளாயிற்று. மடிப்பு மேசையில் இருந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள். வண்டிச் சாவியோடு நின்ற பாக்கலாம், "எங்க போறே?" என்றார். "பாக்கலாம்" என்றுவிட்டுப் படியேறினாள்.

மாடியில் எங்கு பார்த்தாலும் வெள்ளை. கொடிக்குக் கொடி ஈர விரிப்புகள், சொட்டச் சொட்ட. சோப்பு வாசனையும் வெயிலும் சேர்ந்து மூச்சு முட்டியது. ஒரு வரிசைக்கு அந்தப் பக்கம் மூத்தவளின் கால் மட்டும் தெரிந்தது.

"என் பொழப்புல ஏன் கை வைக்கறீங்க?" என்றாள் இளையவள் விரிப்பைப் பார்த்து. சண்டைக்கப்புறம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

அந்தக் கால் நின்றது. "யாருடி கை வெச்சா?"

"நீங்கதான். ப்ளக்கைப் பிடுங்கறீங்க தினமும்."

"நான் பிடுங்கறதா இருந்தா ஸ்க்ரூவோட பிடுங்கித் தெருவுல எறிஞ்சிருப்பேன். ஒளிஞ்சு பிடுங்கற ஆளாடி நான்? இத்தனை வருஷம் கூட இருந்தியே, என்னைப் பத்தி இதுதானா தெரிஞ்சுக்கிட்டே?"

அது உண்மை. மூத்தவள் செய்த கொடுமை எல்லாம் பட்டப்பகலில் நாலு பேர் பார்க்கச் செய்ததுதான். ஒளித்துச் செய்தது ஒன்றும் கிடையாது.

"மறைவுல நின்னு பேசாதீங்க. மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க!" இளையவள் விரிப்புகளைச் சேர்த்து அணைத்து ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

"காயற துணியைக் கசக்காதேடி!" என்று கத்திக்கொண்டே மூத்தவள் தன் பக்கத்து வரிசையை வாரி ஒதுக்கிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி நின்றார்கள். மடிப்பு, மூலை, லாரிக்காரர், தொடாதே என்று பழையது எல்லாம் வெளியே வந்தது. நான் தண்ணீர்த் தொட்டியோடு ஒட்டிக்கொண்டேன்.

"டிங்" என்றது இளையவளின் போன். கொஞ்சம் கழித்து இன்னொரு டிங். அவள் திட்டிக்கொண்டே குனிந்து பார்த்தாள். வாய் அப்படியே நின்றது.

"என்னடி?"

"வந்துடுச்சு. நாலும் வந்துடுச்சு." அவள் பெட்டியைப் பார்த்தாள். திரும்பிக் கொட்டகையைப் பார்த்தாள். நடுவில் ஒதுக்கித் தள்ளிய விரிப்புகளைப் பார்த்தாள். "அதை விரிங்க."

"எதுக்கு?"

"விரிங்கக்கா, சொல்றேன்."

அக்கா என்றது அவளுக்கே தெரியவில்லை. மூத்தவளுக்குத் தெரிந்தது. விரிப்புகளை இழுத்து விட்டாள்.

சென்சார் நிமிஷத்துக்கு ஒரு தரம்தான் பேசும். அந்த நேரம் முழுக்க இரண்டு பேரும் ஒரே போனை எட்டிப் பார்த்துக்கொண்டு தோளோடு தோள் நின்றார்கள். சண்டையும் போட முடியவில்லை, நகரவும் முடியவில்லை. "இணைப்பு இல்லை" என்று வந்தது. ஒதுக்கினார்கள், டிங். விரித்தார்கள், போயிற்று.

"துணியா?" என்றாள் மூத்தவள்.

"ஈரத் துணி. காஞ்சா விடுது, ஈரமா இருந்தா விடல. அதான் அந்த ஆளு மத்தியானம் வரும்போதெல்லாம் நல்லா இருந்திருக்கு."

"அடக் கடவுளே. நான் பிடுங்கறேன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பியே."

"ஊரெல்லாம் இல்லக்கா. தையலக்கா ஒருத்தங்ககிட்டதான்."

"அதுக்கு ஊரெல்லாம்னே சொல்லலாம்" என்றாள் மூத்தவள் என்னைப் பார்த்து. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இளையவளுக்குக் கண் கலங்கியது. "தப்புதான்க்கா. உங்களைப் போய் அப்படி நினைச்சது தப்பு."

"தப்பு இருக்கட்டும், துணி எங்க காயும்? ஆஸ்பத்திரிக்காரன் காத்துக்கிட்டு நிப்பானா?"

அந்த மாடியில் எந்தக் கொக்கி எங்கே என்று இளையவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். "கொடி எல்லாம் இப்ப குறுக்கே ஓடுது. நீளவாக்குல மாத்திக் கட்டிடலாம். நடுவுல ஒரு சந்து விட்டுட்டா பெட்டிக்குக் கொட்டகை தெரியும்."

"துணி குறைச்சலாத்தானே புடிக்கும்?"

"ரெண்டு தடவையாப் போடணும்."

"போடறது நான்தானே. எனக்குன்னு ரெண்டு முழங்கால் இருக்கே." மூத்தவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு யோசித்தாள். "சரி. ஆனா எனக்கு ஒண்ணு வேணும். உன் போன்ல தெரியறது என் போன்லயும் தெரியணும்."

"உங்களுக்கு எதுக்கு அது?"

"நடுவுல விட்ட சந்தைத் துணி போட்டு மறைச்சுட்டேனா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்? தினமும் உன்னைக் கூவிக் கேக்கவா?"

நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தத் திரையில் சிக்னல் மட்டுமா தெரியும்? கொட்டகையில் எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு, எப்போது தண்ணீர் தெளித்தாள், எப்போது தெளிக்கவில்லை, எல்லாம் தெரியும். இளையவள் என்னைப் பார்த்தாள். யாருடைய கண்ணுக்குத் தப்பி வந்தாளோ அந்தக் கண்ணைத் தானே அழைத்துக் கொட்டகைக்குள் உட்காரவைக்க வேண்டும். பாவம், வேறு என்ன செய்வாள்?

"குடுங்க உங்க போனை" என்றாள்.

அன்று சாயந்திரம் இரண்டு பேரும் கொடிகளை அவிழ்த்து மாற்றிக் கட்டினார்கள். ஒருத்தி இழுக்க, ஒருத்தி முடிச்சுப் போட்டாள். இளையவள் போட்ட முடிச்சை எல்லாம் மூத்தவள் ஒருதரம் ஆட்டிப் பார்த்தாள். இளையவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

அந்த வாரம் ஓட்டை விழவில்லை. ஆனால் எங்கள் காது ஓட்டையாகிவிட்டது.

"ஏய், ஈரம் இறங்குது! தெளிக்கலியா?" மாடியிலிருந்து.

"மூணாம் நம்பர்ல சூடு ஏறுதுடி! கதவைத் தொறந்து வெச்சியா?" கடையிலிருந்து.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பாக்கலாமுக்கும் போன் போகும். "அண்ணி பேசினாங்க. கொட்டகையில காத்து கெட்டுப்போச்சாம்" என்று அவர் அங்கிருந்து பெண்டாட்டிக்குப் போன் செய்வார். அண்ணனும்கூட விட்டுவைக்கவில்லை. சாப்பிடும்போது போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கிரிக்கெட் மாதிரி ஈரத்தைப் பார்த்தார்.

வார முடிவில் மேடம் ஒத்துக்கொண்டுவிட்டாள். கூடுதலாக ஒரு கொட்டகை போட முடியுமா என்றும் கேட்டாள். இளையவள் அன்றைய பறிப்பிலிருந்து ஒரு கிண்ணம் வதக்கி எனக்குக் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். சந்தோஷமான முகமாக இல்லை.

"ஜெயிச்சுட்டேன், இல்லியா தையலக்கா? தலைமேல நிக்கக் கூடாதுன்னுதானே கடையை விட்டு வந்தேன். அங்க இருந்தப்போ மடிச்சு முடிச்சப்புறம்தான் வந்து பாப்பாங்க. இப்ப நான் கையைத் தூக்கறதுக்கு முன்னாடியே பாக்கறாங்க. சமையற்கூடத்துக்காரி வாரத்துக்கு ஒரு தடவை பேசறா. இவங்க மணிக்கு ஒரு தடவை."

நான் சமாதானமாக ஏதோ சொல்லப் பார்த்தேன். காளான் உண்மையிலேயே நன்றாக இருந்தது, வாய் நிறைய இருந்ததால் பேச வரவில்லை.

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். முதலில் சும்மாதான் பார்த்தாள். பிறகு கிட்டே வைத்துப் பார்த்தாள். கொட்டகையின் மூலையில் தொங்குகிற சென்சாருக்கு மட்டும் சந்து வழியாக நேர் பார்வை கிடையாது. கிழக்கு வரிசையின் ஓரம் கொஞ்சம் மறைக்கும். அறுந்து போகாது, சிக்னல் கோடுகள்தான் குறையும். காலையில் இரண்டு கோடு இருந்தது. இப்போது நாலு கோடும் நிறைந்து நின்றது.

இளையவள் மெதுவாக எழுந்தாள். என் மிஷினை இடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்தாள்.

"அக்கா! கிழக்கு வரிசை காஞ்சு போச்சு! இன்னும் ஏன் எடுக்கல?"

மாடியில் விரிப்புகளுக்கு நடுவிலிருந்து மூத்தவளின் தலை எட்டிப் பார்த்தது. "என்னது?"

"காஞ்சு எவ்வளவோ நேரமாச்சு! வெயில்ல கிடந்து மொறமொறன்னு ஆகப்போகுது! எடுங்க!"

மூத்தவள் கிழக்கு வரிசைக்குப் போய் ஒரு விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்ததையும் தொட்டாள். காய்ந்துதான் இருந்தது.   கிளிப்புகளைக் கழற்றினாள். விரிப்பை உதறி, கைக்குக் கை மாற்றி, மூலையோடு மூலை சேர்த்து மடித்தாள். மடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு, சரிதானா என்பதுபோல் எங்கள் ஜன்னலைப் பார்த்தாள்.

 இளையவள் கொஞ்ச நேரம் அவளை அப்படியே நிற்கவிட்டு, பிறகுதான் சரியென்று தலையை ஆட்டினாள்.